சீனப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை: ஏற்கலாமா?

வேதியியலில் முனைவர் பட்டம் முடித்த உங்களுக்கு வூஹானில் உதவிப் பேராசிரியர் வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளத்தை விட்டுவிட்டு முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல சீனப் பல்கலைக்கழகங்களில் புதியவர்களுக்கு "உயர் அல்லது வெளியேறு" முறைதான். பெரும்பாலும் 3 ஆண்டு, அப்புறம் இன்னொரு 3 ஆண்டு. அதற்குள் சொன்ன கட்டுரைகளும் ஆய்வு நிதியும் வரவில்லை என்றால் வேலை போய்விடும். அதனால் எத்தனை கட்டுரை, எந்தத் தரத்து இதழ், ஆய்வகத்துக்கு எவ்வளவு தொடக்க நிதி என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பவே வேண்டாம். ஒப்பந்தம் இரு மொழியில் இருந்தால் எது செல்லும் என்றும் பாருங்கள். பெரும்பாலும் சீனப் பிரதிதான். சீனம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கான இஸட் (Z) விசாவில்தான் போக வேண்டும். "சுற்றுலா விசாவில் வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அந்த வேலையே வேண்டாம். போய் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பணி அனுமதி அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. நினைத்தவுடன் வேறு இடம் மாற முடியாது.

ஒரு நாட்டுச் சான்றிதழை ஒரே முத்திரையில் இன்னொரு நாடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பரில் சீனாவில் நடைமுறைக்கு வந்தாலும் இந்தியாவுடன் அது செல்லாது. பட்டச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகம், பிறகு சீனத் தூதரகம் என்ற பழைய வழிதான். இப்போதே தொடங்குங்கள்.

கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே தடை. துணைவரும் குழந்தைகளும் வருவதாக இருந்தால் பள்ளிக் கட்டணத்தைக் கட்டாயம் கேளுங்கள், பன்னாட்டுப் பள்ளிகள் மிகவும் விலை அதிகம்.

நிதி எழுத்தில் வந்தால் நான் போகத்தான் சொல்வேன். நல்ல கருவிகள் கிடைக்கும்.