காத்திருப்பையும் வீணாய்ப் போன காலத்தையும் சொல்லும் கதைகளில் உங்களை உலுக்கியது எது?

இந்தக் கேள்விக்குப் பலரும் சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைத்தான் சொல்வார்கள். 1953இல் பாரீஸில் மேடையேறியது. இரண்டு பேர் மரத்தடியில் காத்துக் கிடக்கிறார்கள், வரவேண்டியவர் வரவே இல்லை. பெரிய படைப்புதான். ஆனால் அந்த இருவருக்கும் வீட்டில் உலை வைக்க ஆள் கிடையாது. அதனால் என் மனசு அதில் ஒட்டவில்லை.

என்னை உலுக்கியது கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' கதையில் வரும் கர்னல். 1961இல் புத்தகமாக வந்த குறுநாவல். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், பென்ஷன் கடிதத்துக்காக 15 வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் தபால் படகைப் பார்க்கப் போகிறார். கதையின் தொடக்கத்திலேயே காப்பித் தகரத்தின் அடியைக் கத்தியால் சுரண்டுகிறார். தூளோடு துருவும் உதிர்கிறது. அந்தக் காப்பியை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, தான் குடித்தாயிற்று என்கிறார். பிற்பாடு அந்த அம்மாள் சொல்வது இதைவிடக் கொடுமை: வீட்டில் அடுப்பெரியவில்லை என்று அக்கம்பக்கத்தார் அறியக் கூடாதென்று பானையில் கல்லைப் போட்டு வேகவைத்திருக்கிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

தாத்தா வேலை பார்த்த ஆலை மூடி, பாக்கிப் பணத்துக்காகப் பதினோரு வருஷம் அலைந்தார். மாசாமாசம் முதல் திங்கட்கிழமை மஞ்சப்பையில் காகிதங்களோடு பாளையங்கோட்டையிலிருந்து கிளம்புவார். இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. ஆச்சி விடியுமுன் எழுந்து, பித்தளைச் செம்பில் தீக்கங்கு அள்ளிப் போட்டு, செம்பின் கழுத்தைத் துணியால் பிடித்துச் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பாள். "பணம் வரட்டும், திருச்செந்தூர் போயிட்டு வருவோம்" என்பார் தாத்தா. "ஆகட்டும், பைய போவோம்" என்பாள். ரயிலேறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். போகவே இல்லை.

அதனால்தான் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' சிறுகதையையும் இந்தக் கேள்விக்குள் கொண்டுவருகிறேன். பட்டணத்துக்குப் பிழைக்கப் போன பிரமநாயகம் பிள்ளை, ஜவுளிக்கடைச் சம்பளம், நோயாளி மனைவி. ஊருக்கு ஒருதரம் போய்வர வேண்டுமென்பது அவள் ஆசை. அவள் மூச்சு அடங்குவதில்தான் கதையே தொடங்குகிறது. அதனால் அவள் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் படிக்கிற நமக்கு நெஞ்சை அடைக்கிறது. காத்திருக்கிறவரின் காலம் மட்டுமா வீணாகிறது? அவருக்குச் சோறாக்கிக்கொண்டு, கூடவே காத்திருக்கிறவளின் காலத்தை யார் கணக்கில் வைத்தார்கள்? நல்ல புனைவு அதை வைத்திருக்கிறது என்பதுதான் என் பதில்.

தாத்தாவுக்குப் பணம் வந்தது, ஆச்சி போன மறுவருஷம். முழுசாக இல்லை, ஒரு பகுதி.

அந்தச் செம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. மேலெல்லாம் ஒடுக்கு விழுந்து கறுத்துவிட்டது. அடிப்பாகம் மட்டும் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.