ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது. தாடை எலும்பு போதாது, எலும்புத்தூள் வைத்து 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். மூன்றே நாளில் பல் என்று விளம்பரம் வருகிறதே, நேராக இம்ப்ளான்ட் போட முடியாதா?

எங்கள் ஆத்தாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். மேல் கடைவாய்ப் பல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால், அந்த இடத்தில் எலும்பின் உயரம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. இம்ப்ளான்ட் என்பது பல்லுக்கு வேராக எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ, வழக்கமாக 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? ஸ்கேனில் எலும்பு குறைவு என்று கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் காத்திருங்கள். டாக்டர் இழுத்தடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம், சிகிச்சையில் பாதி அந்தக் காத்திருப்புதான்.

பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல்லை எடுத்துவிட்டால் உடம்பு அந்த எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிடும். முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும், அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதத்தில். மேல் தாடையில் இன்னொரு தொல்லை: கடைவாய்ப் பற்களுக்கு மேலே உள்ள சைனஸ் காற்றறை, காலியான இடத்தை நோக்கிக் கீழே இறங்கிவிடும். கீழ்த் தாடையில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு உள்ளே ஓடுகிறது. அதிலிருந்து 2 மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அதனால்தான் சாதாரண எக்ஸ்ரே போதாது, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் கேட்கிறார்கள்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதை ஸ்வீடனில் பிரோனமார்க் என்பவர் 1952 வாக்கில் முயல் எலும்பில் தற்செயலாகக் கவனித்தார். 1965ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். டைட்டானியத்தின் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உடம்புக்குள் உலோகம் அரித்துப்போகாமல் காக்கிறது (சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு உலோக அரிப்பைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை). ஆனால் ஒட்டுவதற்குச் சுற்றிலும் எலும்பு வேண்டுமே. ஸ்க்ரூ 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், இருபக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் எலும்பாவது வேண்டும், ஆக அகலம் 7.

எங்கள் வீட்டில் பெரிய பேச்சானது வேறு விஷயம். "அந்தத் தூள் எந்த எலும்பு?" என்று ஆத்தா கேட்டார்கள். டாக்டர் ஒரு நொடி தயங்கிவிட்டு, "மாடு" என்றார். கோழி, மீன் எல்லாம் சாப்பிடும் வீடுதான். இருந்தாலும் ஆத்தா எழுந்துவிட்டார்கள். அந்தத் தூளில் சதையோ கொழுப்போ இருக்காது, பதப்படுத்தித் தாதுவை மட்டும் மிச்சம் வைப்பார்கள், நம் எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளரும், அவ்வளவுதான். சரி, மனம் ஒப்பவில்லை என்றால் கால்சியம் பாஸ்பேட்டில் செயற்கையாகச் செய்த தூளும் உண்டு, சொந்தத் தாடையிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுப்பதும் உண்டு. மேலே மூடும் சவ்வையும் கேளுங்கள், அது பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். ஆத்தாவுக்குச் செயற்கைத் தூள்தான் வைத்தார்கள். இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம் வேண்டாம்.

சைனஸ் பக்கம் வேலை நடந்தால் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். நம் வீடுகளில் வரமிளகாய் தாளிக்கும் நேரத்தில் அடுப்படிப் பக்கம் ஆத்தாவை விடாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு வேலையாக இருந்தது. சாப்பாடு பெரிய கஷ்டமில்லை. கும்மாயம் (செட்டிநாட்டு உளுந்து இனிப்பு) ஆறவைத்துக் கொடுத்தோம், குழைந்த சாதம், இட்லி. சீடை, முறுக்கு டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டோம்.

அப்புறம், தூள் வைப்பதற்கு முன்பே ஈறு நோய் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலையும் சிகரெட்டும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். விருந்து முடிந்து வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் பாக்கையும் யோசியுங்கள்: வருடக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயே சரியாகத் திறக்காமல் போகலாம், பிறகு கருவியை எங்கே நுழைப்பது? எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ வருடாந்திர ஊசியோ போடுகிறார்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூன்று நாள் விளம்பரம் முழுப் பொய் இல்லை. எல்லாப் பற்களும் போனவர்களுக்குப் பல இம்ப்ளான்ட்களைக் கெட்டியான எலும்பில் இறக்கி, ஒன்றோடொன்று இணைத்து உடனே பல் கட்டும் முறை இருக்கிறது. நீங்கள் கேட்பது ஒரே ஒரு கடைவாய்ப் பல். சேர்த்துக் கட்டத் துணைக்கு வேறு இம்ப்ளான்ட் கிடையாது, மெல்லும் அழுத்தம் முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் விழும். ஸ்கேனைக் கணினியில் திறந்து, உயரமும் அகலமும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். எண்கள் போதும் என்றால் தூளே தேவைப்படாது. கொஞ்சம்தான் குறைவு என்றால் இம்ப்ளான்ட்டும் தூளும் ஒரே நாளில் வைக்கலாமா என்று கேளுங்கள், பலருக்கு அப்படிச் செய்கிறார்கள்.