திருத்தத் திருத்தக் கெடுகிறதே – கடிதம்

அன்புள்ள ஐயா,

கட்டுரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவை முடித்ததும் மேலிருந்து வரி வரியாகத் திருத்துவேன். நல்ல சொல்லாகத் தேடிப் போடுவேன், சந்திப்பிழை பார்ப்பேன். ஆனால் நண்பர்கள், முதலில் எழுதியதே நன்றாக இருந்தது என்கிறார்கள். பேசாமல் திருத்தாமலே விட்டுவிடலாமா? அண்மையில் எழுதிய ஒரு வாக்கியம்: "மழை காரணமாகப் பேருந்து தாமதமாக வந்ததைத் தொடர்ந்து நேர்காணலுக்குச் சென்று சேர்வதில் ஏற்பட்ட தாமதத்தினால் எனக்கு அந்த வேலை மறுக்கப்பட்டது." இதை நீங்கள் எப்படித் திருத்துவீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

விட்டுவிடாதீர்கள். நீங்கள் தொடங்கும் இடத்தைத்தான் மாற்றவேண்டும்.

உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'தாமதம்' இரண்டு முறை வருகிறது. 'தொடர்ந்து', 'ஏற்பட்ட', 'மறுக்கப்பட்டது' எல்லாம் அலுவலகக் கடித நடை. யார் கையில் கொடுத்தாலும் ஏறக்குறைய இப்படி வெட்டுவார்கள்: "மழையால் பேருந்து தாமதமானது. நேர்காணலுக்குப் பிந்திப் போனேன். வேலை கிடைக்கவில்லை." படிக்கத் தடையில்லை. ஆனால் வெட்டியதும் நடுவில் ஓர் ஓட்டை தெரிகிறது. பிந்திப் போனீர்கள், சரி, அப்புறம் என்ன நடந்தது? நேர்காணலே முடிந்திருந்ததா? உள்ளே விட மறுத்தார்களா? உட்காரவைத்துக் கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்றார்களா? மூன்றும் வெவ்வேறு அனுபவங்கள். 'மறுக்கப்பட்டது' என்ற செயப்பாட்டுவினை மறுத்த ஆளை மறைத்துவிட்டது. 'ஏற்பட்ட தாமதத்தினால்' அந்தக் காட்சியையே விழுங்கிவிட்டது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறார். முதல் இரண்டு குன்றக் கூறல், மிகைபடக் கூறல். உங்கள் வாக்கியம் பார்வைக்கு மிகைபடக் கூறல், உள்ளே குன்றக் கூறல். சொல் கூடிக் கிடக்கிறது, செய்தி குறைகிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வருகின்றன. சொல்லை மட்டும் மாற்றினால் 'மறுக்கப்பட்டது' போய் 'கைநழுவிப் போனது' வரும். ஓட்டை அப்படியே இருக்கும், அதன்மேல் அலங்காரமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் நண்பர்களுக்கு உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் சுற்றில் வாக்கியங்களைத் தொடவே வேண்டாம், பத்திகளைப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு பத்திகளுக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போகவேண்டியதுதான், அது கூறியது கூறல். சில பத்திகளுக்கு வரியே வராது. அங்கே நீங்கள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று பொருள், எத்தனை நல்ல சொல் போட்டாலும் அது நிற்காது. எடுத்த பொருளை விட்டு வேறெங்கோ போய்விட்ட பத்தியும் இருக்கும். மற்றொன்று விரித்தல் என்கிறது நன்னூல். பல நேரம் அதுதான் நமக்கு மிகவும் பிடித்த பத்தி. மனம் வராது, ஆனாலும் எடுத்துத் தனியாக வையுங்கள், வேறொரு கட்டுரைக்கு ஆகும். நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிவதற்கும் அங்கே பெயர் உண்டு: சென்று தேய்ந்து இறுதல். அப்படிப்பட்ட பத்தியின் கடைசி ஓரிரு வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். ஒன்றும் குறையவில்லையென்றால் அவை வேண்டாம்.

இதற்குப் பிறகு வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. எழுவாய்க்கும் அதற்கும் நடுவில் எச்சங்களைக் குவித்தால், வாசகர் அத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டு முடிவுக்காகக் காத்திருக்கவேண்டும். வாய்விட்டுப் படித்தால் மூச்சு எங்கே முட்டுகிறது என்று தெரியும், அங்கே உடையுங்கள். பெயரெச்சத்தையும் கவனியுங்கள். 'நேற்று வந்த ஆசிரியரின் மகன்' என்றால் வந்தது ஆசிரியரா, மகனா? எழுதியவருக்கு விடை தெரியும் என்பதால் குழப்பம் அவர் கண்ணில் படாது. 'ஆசிரியரின் மகன் நேற்று வந்தான்' என்று முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம். எழுதியதைச் சில நாள் மூடிவைக்கச் சொல்வது இதற்காகத்தான், கொஞ்சம் மறந்த பிறகே நம் எழுத்தை வாசகராகப் படிக்க முடிகிறது.

சந்திப்பிழை எல்லாவற்றுக்கும் கடைசி. நாளை வெட்டப்போகும் வரியில் இன்று ஒற்றுப் பார்ப்பது வீண்வேலை.

இன்னொன்று, முதல் வரைவை அழிக்காதீர்கள். நண்பர்களிடம் பொதுவாகக் கருத்துக் கேட்பதைவிட, அதில் எந்த வரி பிடித்திருந்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திருத்தியதில் அந்த வரி காணாமல் போயிருந்தால் தயங்காமல் திரும்ப எடுத்துப் போடுங்கள்.