குதிரையை வாங்க வந்தவரிடம் கொடுக்கலாமா என்று எப்படி முடிவு செய்வது?

விலை பேசுமுன் எதற்கு வாங்குகிறார் என்று கேளுங்கள். மூன்று வயதுகூட ஆகாத குட்டியை வண்டிப் பந்தயத்துக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். மூட்டெலும்பு முற்றாத வயதில் தார்ச்சாலையில் ஓட்டினால் கால் போய்விடும்.

அவர் குதிரையை எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். தெரிந்தவர் காலைத் தடவிக்கொண்டே இறங்கி, குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்தை மோந்து பார்ப்பார். அழுகல் இருந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். பிறகு கெட்டித் தரையில் ஓட்டிக் காட்டச் சொல்வார். சுழியும் நிறமும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணத்தை நீட்டுபவரிடம் (அந்தியூர் ஆடிச் சந்தையில் இப்படி நிறையப் பேர் உண்டு) எனக்கு நம்பிக்கை இல்லை.

350 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 7 கிலோ உலர்தீவனம், வெயில் காலத்தில் 30 லிட்டருக்கு மேல் தண்ணீர், ஆறெட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தம். இதற்கு வழி இருக்கிறதா என்று அவர் கொட்டகைக்கே போய்ப் பாருங்கள்.

கொடுப்பதென்றால் பழைய தீவனத்தில் பத்து நாளுக்கானதையும் சேர்த்து அனுப்புங்கள், புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்கட்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. திடீர்த் தீவன மாற்றத்தால் வரும் வயிற்றுவலி உயிரையே எடுத்துவிடும். கிளாண்டர்ஸ் (குதிரைகளுக்கு வரும் தொற்றுநோய்) இல்லை என்பதற்கான ரத்தப் பரிசோதனைச் சான்றையும் கையில் கொடுங்கள்.