காளான் வித்திகளைச் சேர்க்கும் மகள்: ஒட்டுசுட்டான் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த மகள், மாரி தொடங்கிய நாளிலிருந்து வயல் வரம்பிலும் புற்றடியிலும் முளைக்கும் காளான்களைக் கொண்டுவந்து, சமையலறைக் கண்ணாடிக் குவளைகளால் மூடிவைத்து, விடிந்ததும் தாளில் படிந்திருக்கும் தூளைப் படம் பிடிக்கிறாள் என்றும், இனி வித்திகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவராக வரவேண்டிய பிள்ளை காளான் பொறுக்கப் போய்விடுமோ என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அஞ்ச வேண்டிய விடயங்களும் இதில் இருக்கின்றன. ஆனால் நீங்கள் அஞ்சுவது அவற்றைப் பற்றியல்ல.

முதலில், அவள் செய்வது என்னவென்று பார்ப்போம். காளானின் தொப்பிக்கு அடியிலுள்ள மடல்களிலிருந்து உதிரும் வித்திகள், அதாவது காளான் இனம்பெருக விதைபோல உதிர்க்கும் நுண்துகள்கள், தனித்தனியே கண்ணுக்குத் தெரியாதவை. பெரும்பாலானவற்றின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் தொப்பியைக் கவிழ்த்து ஓர் இரவு மூடிவைத்தால், இலட்சக்கணக்கான வித்திகள் ஒன்றாகப் படிந்து நிறமாகத் தெரியும். வெண்ணிற வித்தி வெள்ளைத் தாளில் மறைந்துவிடும் என்பதால்தான் பாதி கறுப்பு. இந்த நிறம் காளானை இனங்காணும் முதற்படிகளில் ஒன்று.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. புற்றடியில் முளைக்கும் புற்றுக்காளானின் வித்திப் படிவு வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். அதன் தண்டு நிலத்துக்குக் கீழ் வேர்போல நீண்டு, கறையான்கள் வளர்க்கும் பங்கசுப் படுக்கை வரை செல்லும் (பங்கசு என்பது காளான்களும் பூஞ்சணங்களும் சேர்ந்த உயிர்க் கூட்டம்). புல்வெளியிலும் முற்றத்திலும் முளைக்கும் வெள்ளைக் குடைபோன்ற இன்னொரு காளானின் மடல்கள் இளமையில் வெள்ளையாகத்தான் இருக்கும்; தாளில் கவிழ்த்தாலோ மங்கிய பச்சை நிறத்தில் தூள் படியும். குளோரோபில்லம் மொலிப்டைற்றிஸ் என்னும் அந்த இனத்தைச் சமைத்து உண்டவர்கள் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமுமாக மருத்துவமனைக்குப் போகிறார்கள். உங்கள் மகளின் தாளில் பச்சை படிந்த ஒரு நாள் இருந்திருந்தால், அன்று அவள் கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்தின் பல பக்கங்களுக்குச் சமம்.

ஆனாலும், நிறத்தை மட்டும் நம்பி எந்தக் காளானையும் உண்ணலாம் என்று முடிவு செய்ய முடியாது. சேகரிப்பது ஆய்வுக்கு, கறிக்கு அல்ல என்ற விதியை வீட்டில் இன்றே உறுதியாக வையுங்கள்.

“வித்தியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இதற்கு இலங்கையின் வரலாறே பதில் சொல்லும். 1869 இல் நம் நாட்டுக் கோப்பிச் செடிகளின் இலைகளில் கண்டறியப்பட்ட துரு நோய் ஒரு பங்கசுவால் வந்தது. 1880 இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர், காற்றில் பரவும் அதன் வித்திகளைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து, அவை இலையில் எப்படி முளைக்கின்றன என்று இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். கோப்பியைக் காப்பாற்ற அப்போது காலம் கடந்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களின் கதைக்குப் பின்னாலும் அந்தத் துரு நோயின் செம்மஞ்சள் வித்தித் தூள் இருக்கிறது. பிறகு 1905 இல் பேராதனைக்கு அரச பங்கசியலாளராக வந்த தொமஸ் பெட்ச், அடுத்த ஆண்டிலேயே கறையான் புற்றுகளில் வளரும் பங்கசுக்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். உங்கள் மகள் குனிந்து பார்க்கும் அதே புற்றுத்தான்.

இன்று வன்னியிலும் நிலைமை வேறல்ல. காலபோக நெல்லில் எரிபந்த நோயைப் பரப்புவதும், சரியாக உலராத கச்சானில் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குவதும் பங்கசுக்களே. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பங்கசு இனங்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். மொத்தம் 22 இலட்சத்துக்கும் 38 இலட்சத்துக்கும் இடையில் இருக்கலாம் என்று 2017 இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘காளான் ஆராய்ச்சியாளர் தேவை’ என்று பத்திரிகையில் விளம்பரம் வருவது மிக அரிது. இந்த அறிவுக்கு வேறு பெயர்களில்தான் சம்பளம் கிடைக்கிறது: விவசாயத் திணைக்களத்தில் தாவர நோயியல் ஆராய்ச்சி அலுவலர், தாவரத் தொற்றுக்காப்பு அலுவலர், தேயிலை, இறப்பர், தென்னை ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆய்வாளர், உணவுப் பரிசோதனைக் கூடத்தின் நுண்ணுயிரியலாளர், பல்கலைக்கழக விரிவுரையாளர். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் பங்கசியலுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆகவே அவள் தெரிவு செய்யும் பட்டம் அகலமானதாக இருக்கட்டும். காளான் அதற்குள் அவளுடைய சிறப்புத் துறையாக இருக்கட்டும்.

இப்போது நீங்கள் உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல் ஆகிய இரண்டுடன் மூன்றாவதாகப் பௌதிகவியலையா விவசாய விஞ்ஞானத்தையா எடுப்பது என்பதே அது. விவசாய விஞ்ஞானம் இலகு என்று பாடசாலையில் சொல்வார்கள். காளானில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது பொருத்தமாகவும் தோன்றும். அவசரப்படாதீர்கள். பௌதிகவியலை விட்டால் மருத்துவ பீடத்தின் கதவு அன்றே மூடிவிடும். எடுத்தால் மருத்துவம், விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் ஆகிய மூன்றும் திறந்திருக்கும். இந்த ஒரு தெரிவில் உங்கள் ஆசையும் மகளின் ஆசையும் மோதவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு வருடம் கழித்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி வந்த பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது; உங்கள் முல்லைத்தீவு அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. தாவரவியலை ஆழமாகப் படிக்க யாழ்ப்பாண விஞ்ஞான பீடம் இருக்கிறது. தூரத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை. மொழிக்காக இப்போதே ஆயத்தமாக வேண்டும். இந்தப் பட்டங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. நம் பிள்ளைகள் தடுமாறுவது அறிவினால் அல்ல, முதலாம் வருட விரிவுரை புரியாமையினால். பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுக்கட்டும்.

சேகரிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ஒரு கார்த்திகை மாதம் இருபதுக்கு மேற்பட்ட காளான்களைப் பொலித்தீன் பைகளில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். மறுநாள் பையைத் திறந்தபோது எல்லாம் கறுத்து நாறிய குழம்பாக இருந்தன. அதைவிட வெட்கமானது, எந்தக் காளான் எந்த மரத்தடியில் முளைத்தது என்று நான் ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை. காளானைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். எடுத்த திகதி, இடம், அருகிலிருந்த மரம், மண்ணிலா மரக்கட்டையிலா சாணத்திலா முளைத்தது, பச்சையாக இருக்கும்போது நிறமும் மணமும் என்ன என்பதை அங்கேயே குறிக்க வேண்டும். பின்னர் 40 பாகை செல்சியஸ் அளவு மெல்லிய சூட்டில் முறுகும்வரை உலர்த்தி, இலக்கமிட்ட கடித உறையில், அதே இலக்கமிட்ட வித்திப் படிவுடன் வைக்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தின் நுணுக்குக்காட்டியில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் வித்தியின் வடிவம் தெரியும். ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். குறிப்பில்லாத காளான் வெறும் சருகு. குறிப்புள்ள காளானைப் பத்து வருடம் கழித்தும் ஒரு விரிவுரையாளர் வாங்கிப் பார்ப்பார்.

நீங்கள் அஞ்ச வேண்டியவை என்று சொன்னேனே, அவை இவைதான். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காட்டு ஓரத்திலோ சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலோ, எவ்வளவு அரிய காளான் தெரிந்தாலும் கால் வைக்கக்கூடாது. ஒதுக்குக் காடுகளிலும் சரணாலயங்களிலும் ஆய்வுக்காக எதையும் எடுக்க வனவளத் திணைக்களத்தின் அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இப்போதைக்கு வீட்டுக் காணியும் வயலும் போதும். ‘ஆராய்ச்சிக்கான வித்திகள்’ என்று இணையத்தில் ஊசிக்குழாய்களில் விற்கப்படுபவை பெரும்பாலும் போதை தரும் காளான்களின் வித்திகள். அவற்றை வரவழைப்பது தாவரத் தொற்றுக்காப்புச் சட்டத்திலும் போதைப்பொருள் சட்டத்திலும் சிக்க வைக்கக்கூடிய காரியம். மகளிடம் சுற்றி வளைக்காமல் நேரடியாகப் பேசுங்கள். அயலில் சிப்பிக் காளான் வளர்க்கும் கொட்டகை இருந்தால் போய்ப் பார்க்கட்டும், ஆனால் முகக்கவசம் அணியட்டும். விரிந்த சிப்பிக் காளான் உதிர்க்கும் வித்திகளை நாட்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி வருவதுண்டு.

கடைசியாக, குவளைகள் காணாமல் போகின்றன என்று கடித ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது நியாயமான முறைப்பாடு. சந்தையில் நான்கு மலிவான கண்ணாடிக் குவளைகள் வாங்கி, அடியில் சிவப்பு மையால் அடையாளமிட்டு, அவளுக்கென்று கொடுத்துவிடுங்கள். அவற்றில் யாரும் தேநீர் குடிக்க வேண்டாம்.