நெறி கட்டினால் கொலஸ்ட்ராலுக்கு என்ன வேலை?

கொலஸ்ட்ரால் இல்லாமல் வெள்ளையணு பெருகாது என்று போன வாரம் எழுதியிருந்தேன். நம் பக்கத்து ஆட்கள் விடுவார்களா? கேள்விகள் குவிந்துவிட்டன. முப்பது வருடம் உயிர்வேதியியல் நடத்திய பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: தம்பி, கொலஸ்ட்ரால் ஆகாதுன்னு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு. நீங்க வேணுங்கிறீங்க. எதை நம்புறது?

ரெண்டையும் நம்பலாம் ஆச்சி. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால். அது மிஞ்சினால் ரத்தக்குழாயில் படியும். நான் சொன்னது செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருப்பது. அது இல்லாவிட்டால் சவ்வு உறுதியாக நிற்காது. நம் ஊர் வீடுகளுக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினார்களே, அதுபோல ஒரு சேர்மானம். என்ன, செல்லுக்கு வேண்டிய சரக்கு மஞ்சள் கருவில்தான் இருக்கிறது!

கானாடுகாத்தான் வாசகர்: காலில் முள் குத்தி, மூன்றாம் நாள் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாகவே உண்டு. அந்த இடத்தில் நிணநீர் முடிச்சு இருக்கிறது. சாதாரண நாளில் சிறியதாகவே இருக்கும். முள்ளோடு போன கிருமியின் துணுக்குகள் அங்கே வந்து சேரும். அங்கே இருக்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகைக்கு டி செல் என்று பெயர். லட்சக்கணக்கான டி செல்களில் அந்தக் கிருமியை அடையாளம் காணக்கூடியவை ஒரு சிலதான். அவை விழித்து, உப்பி, ஒரு நாள் கழித்துப் பிரிய ஆரம்பிக்கும். அப்புறம் வேகம்தான்: ஒன்று பத்து முறை பிரிந்தால் 1,024, பதினைந்து முறை பிரிந்தால் 32,768. வழியில் போகிற செல்களும் அங்கேயே தங்கிவிடுவதால் முடிச்சு வீங்குகிறது.

ஒவ்வொரு பிரிவுக்கும் இன்னொரு முழுச் சவ்வு வேண்டும். கல்யாண வீட்டில் திடீரென்று இரட்டைப் பந்தி போட்டால் சமையல்கட்டு என்ன பாடுபடும்? செல்லும் அப்படித்தான். கொலஸ்ட்ரால் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்.டி.எல். துகள்களை உள்ளே இழுக்கும் ஏற்பிகளையும் கூட்டும். அதோடு, மிச்சக் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளச் சொல்லும் எல்.எக்ஸ்.ஆர். என்ற சுவிட்சை அடக்கிவைக்கும். இந்தக் கடைசி விஷயம் 2008இல் எலிகளில் தெரியவந்தது. அந்தச் சுவிட்சை வலுக்கட்டாயமாகப் போட்டுவிட்டால் டி செல் விழித்தாலும் சரியாகப் பெருகுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பள்ளத்தூர் தம்பி, ஜிம்முக்குப் போகிறவராம்: அப்போ தினமும் ஆறு முட்டையும் கோலா உருண்டையும் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி ஏறுமா சார்?

ஏறாது. கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. டி செல் தன் தேவையைப் பார்த்து எடுக்குமே தவிர, நம் இலையைப் பார்த்து அல்ல. கோலா உருண்டையை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

காரைக்குடி, பெயர் வேண்டாம் என்றவர்: ஸ்டாடின் சாப்பிட்டால் வெள்ளையணு பெருகாதோ?

ஸ்டாடின் என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரை. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் டி செல்களுக்கு நிறைய ஸ்டாடின் விட்டால் பிரிவது நிற்கும். கொலஸ்ட்ரால் தயாரிப்பில் ஸ்டாடின் தடுக்கும் படியில் உருவாகவேண்டிய மெவலோனேட் என்ற பொருளைச் சேர்த்தால் மறுபடி பிரியும். ஆனால் நீங்கள் விழுங்கும் மாத்திரை முக்கியமாக ஈரலில்தான் வேலை செய்கிறது. அங்கே கையிருப்பு குறைந்ததும் ஈரல் செல்கள் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ரிப்போர்ட்டில் எண் இறங்குவது அதனால்தான். அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. நான் எழுதியதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கல்லூரி மாணவி: புற்றுநோய் சிகிச்சைக்கு இது உதவுமா?

செல்லுக்குள் மிஞ்சும் கொலஸ்ட்ராலைக் குதிரில் போட்டு அடைப்பதுபோல் அடைத்துவைக்கும் நொதி ஒன்று உண்டு. 2016இல் சீன ஆய்வாளர்கள் எலிகளில் அதைத் தடுத்தார்கள். கொல்லும் டி செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் கூடி, கட்டியை அவை இன்னும் நன்றாகத் தாக்கின. எலியில்தான் அம்மா, அவசரப்பட வேண்டாம்.

மறுபடி தேவகோட்டை ஆச்சி: நெறிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் பத்துப் போடலாமா?

சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும் ஆச்சி. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி பாக்கியா என்று கேளுங்கள். ரெண்டு வாரமாகியும் வடியாவிட்டாலோ, வலியே இல்லாமல் கல்லுபோல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.