நாலாயிரம் காவடிப் படங்கள்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தைப்பூசத்தன்று எங்கள் கோவில் காவடியை நானும் நண்பர் ஒருவரும் படம் எடுத்தோம். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மாமா மகனும் தன் கேமராவோடு சேர்ந்துகொண்டான். மூன்று கேமராவிலும் சேர்த்து 4,200 படங்கள், எல்லாம் ராவ், அதாவது கேமரா சுருக்காமல் பதிந்த மூலக் கோப்புகள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஏற்றிப் பார்த்தால் மலைப்படி ஏறும் படங்கள் ஆற்றங்கரைப் பூசைக்கு முன்னால் வந்து நிற்கின்றன. முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தேன். இரண்டு வாரத்தில் 160 படம்தான் முடிந்தது. அவையும் ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகவில்லை. ரோஸ் நிற உடைகள் எல்லாம் பெயின்ட் பூசியதுபோல் தட்டையாகத் தெரிகின்றன. நிர்வாகத்தார் ஆல்பத்துக்கு 150 படம் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? மீதிப் படங்களை அழித்துவிடலாமா?

வாசகர், காத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்புள்ள தம்பி,

திருத்துவதை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் செய்தவற்றில் தவறு என்று ஒன்றைச் சொன்னால் அது இதுதான்: தேர்ந்தெடுக்காத படத்தைத் திருத்தினீர்கள். 160-இல் எத்தனை ஆல்பத்துக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியாது. முதலில் காப்பு, அடுத்து நேரம், பிறகு தேர்வு. இந்த மூன்றும் முடியும்வரை எந்த ஸ்லைடரையும் தொட வேண்டாம்.

கார்டுகளை இன்னும் ஃபார்மட் செய்யவில்லை என்று நம்புகிறேன். ஓரத்திலிருக்கும் பூட்டைத் தள்ளி, மூன்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் ராவ் கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி இருக்கும். அந்தக் கணக்கில் உங்களிடம் இருப்பது ஏறத்தாழ 120 ஜிபிதான். இதைத் தனித்தனியான இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுங்கள். விண்டோஸ் என்றால் டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்ப்பை இயக்கி நகலெடுப்பது நல்லது. நகலில் ஒரு கோப்பு பாதியில் கெட்டிருந்தால் ஃபோல்டரைத் திறந்து பார்க்கும்போது தெரியாது, ஆறு மாதம் கழித்துப் படத்தைத் திறக்கும்போதுதான் பாதி சாம்பல் நிறமாக வந்து நிற்கும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருந்தால் கம்ப்யூட்டரில் முறைப்படி விடுவிக்காமல் கேபிளைப் பிடுங்கவே கூடாது. அந்த முறையில் கோப்பு எழுதுவது பாதியில் நின்றால் மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு இல்லை.

இரண்டாவது டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. தைப்பூசம் வருவதே புயல் காலத்தில். 2024-இல் தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பு, ஜனவரி 15 அன்று, பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். ஒரே மேசையில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒரே வெள்ளத்தில் நனையும். ஒன்று வேறு ஊரில் உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

இனி நேரம். படங்கள் முன்பின்னாக வருவதற்கு உங்கள் மாமா மகனின் கேமராதான் காரணமாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்று மணி நேரம் பின்தங்கியது. அவர் கேமராவின் கடிகாரத்தை மாற்றாமல் வந்திருப்பார். அதனால் இங்கே ஒன்பதரை மணிக்குப் படியில் எடுத்தது ஆறரை என்று பதிவாகி, காலைப் பூசைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

மூன்று மணி நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. கேமராக் கடிகாரங்கள் மாதக்கணக்கில் ஓடும்போது சில நிமிடங்கள் முன்பின் ஆகும். மூன்று கேமராவும் ஒரே நொடியைப் பிடித்த இடம் ஒன்றைத் தேடுங்கள். தேங்காய் உடையும் நொடி மிக வசதி, இல்லையென்றால் கற்பூரம் பற்றும் நொடி. உங்கள் கேமராவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, லைட்ரூம் கிளாசிக்கின் நூலகப் பகுதியில் கேமரா வாரியாக வடிகட்டி, மாமா மகனுடைய எல்லாப் படங்களையும் தேர்வு செய்யுங்கள். இரண்டு கேமரா ஒரே மாடல் என்றால் வரிசை எண்ணை வைத்துப் பிரிக்கலாம். தேங்காய்ப் படத்தின் மேல் கிளிக் செய்து அதை முதன்மைப் படமாக்கிவிட்டு, எடுத்த நேரத்தைத் திருத்தும் வசதியைத் திறந்து சரியான நேரத்தைக் கொடுங்கள். மற்ற எல்லாமும் அதே வித்தியாசத்தில் நகரும். நண்பர் கேமராவுக்கும் இதே வேலை. லைட்ரூம் இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாமிலும் இந்த வசதி உண்டு.

நேரம் சரியான பிறகுதான் பெயர் மாற்ற வேண்டும். பெரும்பாலான கேமராக்கள் தரும் பெயரில் நான்கு இலக்கம்தான் இருக்கும். 9999-க்குப் பின் மறுபடி 0001 வரும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு கோப்பு மோதும், கவனிக்காமல் சரி என்று அழுத்தினால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். ஆண்டு-மாதம்-நாள், மணி-நிமிடம்-நொடி, கேமராவுக்கு ஓர் எழுத்து, பழைய எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். கேமரா எழுத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே நொடியில் இரண்டு பேர் எடுத்த படங்களைப் பிரிப்பது அதுதான்.

தேர்வுக்கு உட்காரும் முன் ஒரு காகிதத்தில் ஆல்பத்துக்கு வேண்டியதை எழுதுங்கள்: ஆற்றங்கரைப் பூசை, அலகு குத்துதல், காவடி எடுத்தல், ஊர்வலம், படியேற்றம், பாலாபிஷேகம், இலை போட்டு ஏழு கறிச் சோறு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை படம் என்று எதிரில் குறியுங்கள். இது இல்லாமல் தேர்வு செய்தால் அலகுப் படம் அறுபதும் அன்னதானப் படம் இரண்டுமாக முடியும். நிர்வாகத்தார் முதலில் தேடுவது சமையலில் நின்ற அம்மாமார்களின் படத்தை.

முதல் சுற்றில் ஒரு படத்துக்கு இரண்டு நொடி. 4,200 படத்துக்கு 8,400 நொடி, அதாவது இரண்டு மணி இருபது நிமிடம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள், கண் களைத்தால் எல்லாப் படமும் ஒன்றுபோலத் தெரியும். கேப்ஸ் லாக்கை இயக்கிவிட்டால் நட்சத்திரம் கொடுத்ததும் லைட்ரூம் தானே அடுத்த படத்துக்குப் போகும். பிடித்திருந்தால் 1, இல்லையென்றால் அம்புக்குறி. கொடி குறிப்பதைவிட நட்சத்திரம் கொடுப்பதையே சொல்வேன். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் நட்சத்திரம் கூடவே வரும். வேண்டாததைத் தேடி ஒதுக்காதீர்கள், வேண்டியதை எடுங்கள். ஒதுக்கப் போனால் ஒவ்வொரு படத்துக்கும் மனம் இரங்கும்.

படம் திறக்கத் தாமதமானால், ஏற்றும்போது ராவ் கோப்புக்குள்ளேயே இருக்கும் முன்னோட்டப் படத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், வேகமாக ஓடும். ஆனால் சில கேமராக்களில் அந்த உள்படம் சிறியது, நூறு சதவீதத்தில் பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்க உதவாது. ஆகவே முதல் சுற்றில் ஃபோகஸைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரு நட்சத்திரம் பெற்றவற்றுக்கு மட்டும் இரவில் முழு அளவு முன்னோட்டம் உருவாக விட்டு, மறுநாள் இரண்டாவது சுற்றுக்கு உட்காருங்கள்.

இரண்டாவது சுற்றில்தான் அடுக்கடுக்காக எடுத்தவை வரும். பால் குடம் கவிழும் காட்சி பன்னிரண்டு படம் இருக்கும். அவற்றை ஒரே திரையில் பரப்பி, மோசமானதை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். கடைசி இரண்டுக்குள் பத்து நொடியில் முடிவெடுக்க முடியவில்லை என்றால் எதை எடுத்தாலும் சரிதான். அலகுப் படங்களில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். அருகிலிருந்து லென்ஸ் துவாரத்தை 2.8 என்று அகலமாகத் திறந்து எடுத்தால் வேலின் நுனி கூர்மையாகவும் கண் மங்கலாகவும் விழும். முகம்தான் படம் என்றால் கண் கூர்மையாக இருப்பதையே எடுங்கள்.

தானாகத் தேர்வு செய்து தரும் மென்பொருள்களை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அவை மூடிய கண்ணைக் குறையாகக் கணக்கிடுகின்றன. காவடி எடுத்தவர் கண் மூடி நிற்பது இமைப்பு அல்ல, உங்கள் படங்களிலேயே சிறந்தவை அவையாக இருக்கலாம்.

மூன்றாவது சுற்றுக்கு முன் ஆல்பத்தின் அளவைக் கேளுங்கள். 30 செ.மீ. சதுர ஆல்பம் என்றால், கேமராவின் மூன்றுக்கு இரண்டு விகிதப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். செங்குத்தாக எடுத்த காவடியில் மேலே மயிற்பீலியும் கீழே பாதமும் ஒரு சேரத் தங்காது. சதுரத்தில் அடங்குவதையே தேர்ந்தெடுங்கள். பிக்சல் பற்றிய கவலை வேண்டாம்: 30 செ.மீ.க்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,543 போதும், 24 மெகாபிக்சல் படத்தின் குறுக்குப் பக்கமே 4,000 இருக்கிறது.

150 கையில் வந்த பிறகு நிறம். உங்கள் படங்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம், நீங்கள் ஒவ்வொரு படமாகத் திருத்தியது. ஒளி ஒளியாகப் பிரித்துத் திருத்த வேண்டும். நான்கு ஒளி இருக்கும்: மரநிழலில் ஆற்றங்கரை, சாலை வெயில், பந்தலுக்குக் கீழே, கோவிலுக்கு உள்ளே. லைட்ரூமில் 6 முதல் 9 வரையுள்ள விசைகள் நான்கு வண்ணக் குறிகளைத் தரும், ஒளிக்கு ஒரு வண்ணம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு படத்தை முழுதாகத் திருத்தி, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் சீரமைப்பு), புரொஃபைல் (படத்தின் அடிப்படை நிறப் பாணி), நிறச் சீர்மை ஆகியவற்றை மட்டும் மற்றவற்றுக்கு ஒத்திசையுங்கள். கிராப்பும் மாஸ்க்கும் போகக் கூடாது. தானியங்கி ஒத்திசைவு இயங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது இயங்கும்போது எழுபது படம் தேர்வில் இருந்தால், ஒரு முகத்துக்காக நகர்த்திய ஸ்லைடர் எழுபதையும் மாற்றிவிடும்.

படத்தில் ஓரிடத்தைத் தொட்டு நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் குழாயை நெற்றியிலுள்ள விபூதியின் மேல் வைக்காதீர்கள். மெல்லிய பூச்சுக்கு அடியில் தோலின் நிறம் தெரிவதால், அதை வெள்ளையாக்கப் போய்ப் படம் முழுவதும் நீலம் ஓடும். பாலும் உதவாது, அது இளமஞ்சள். புது வேட்டியில் சலவை நீலம் இருக்கும். வெயிலில் காய்ந்த கருங்கல் படியில் சாம்பல் நிறமாகத் தெரியும் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்துக் கையால் சரிசெய்யுங்கள். அடுத்த ஆண்டு ஒவ்வொரு ஒளியிலும் ஒரு சாம்பல் அட்டையைப் படம் எடுத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

சாலைப் படங்களில் கண்குழி கறுத்திருக்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் நம் தீவில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிழல் ஸ்லைடரை 30 முதல் 50 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் தோல் சாம்பல் பூத்துவிடும்.

இப்போது அந்த ரோஸ் நிறம். நம் ஊர்க் காவடியின் அடையாளம் அது, கெடுத்துவிடக் கூடாது. படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறத் தடங்களால் ஆனது; அடர்ந்த ரோஸில் சிவப்புத் தடம் உச்சத்தை முட்டிவிடும், பச்சைத் தடம் அடியைத் தொட்டுவிடும். கேமராவில் ஒளி அளவைக் காட்டும் ஒற்றை வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) இது தெரியாது, மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தில்தான் தெரியும். லைட்ரூமில் சேலை மடிப்பின் மேல் சுட்டியை நகர்த்திப் பாருங்கள். மேட்டிலும் பள்ளத்திலும் சிவப்பு 100, பச்சை 0 என்றே நின்றால் மடிப்பு காணாமல் போய்விட்டது என்று பொருள். முதலில் புரொஃபைலை ‘விவிட்’ இலிருந்து ‘நியூட்ரல்’ வகைக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பிறகு எக்ஸ்போஷரை 0.3 அளவு இறக்கி, மெஜந்தாவின் செறிவை மட்டும் 15 முதல் 25 வரை குறையுங்கள். மடிப்பு திரும்பி வரும்போது நிறுத்துங்கள். பொதுவான செறிவு ஸ்லைடரைத் தொட வேண்டாம், முகம் வெளிறிவிடும். வெயிலில் உடையின் நிறம் தாடைக்கடியில் தெறித்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் சற்றே பச்சைப் பக்கம் நகர்த்துங்கள்.

கோவிலுக்குள் எடுத்ததில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்தால் அது எல்இடி விளக்கின் துடிப்பு. அதை எந்த ஒத்திசைவும் தீர்க்காது. வேறு படம் இல்லாதபோது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். அடுத்த முறை உள்ளே ஷட்டர் 1/50 அல்லது 1/100 இருக்கட்டும்.

இப்படிச் செய்தால் ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், 150 படத்துக்கு ஐந்து மணி நேரம்.

வாட்ஸ்அப்புக்கு நீளப் பக்கம் 2,048 பிக்சல், தரம் 80, நிற முறை எஸ்ஆர்ஜிபி. படமாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அருள் வந்த நிலையில் இருப்பவர்களின் முகத்தைக் குழுவில் போடும் முன் அந்தக் குடும்பத்தைக் கேட்டுவிடுங்கள்.

அழிப்பதைப் பற்றி: ஆல்பம் அச்சாகி வரும்வரை எதையும் அழிக்க வேண்டாம். வந்த பிறகு, முழுக்க மங்கியவை, தரையை எடுத்தவை, லென்ஸ் மூடியோடு எடுத்தவை போகலாம். தேர்வாகாத மற்ற ராவ் எல்லாம் இருக்கட்டும். 2 டிபி டிஸ்க்கில் 120 ஜிபி வீதம் பதினாறு தைப்பூசம் அடங்கும். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பாட்டியின் முகத்தைக் கேட்டு எந்த வீட்டிலிருந்து எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கை உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன் எல்லாப் படங்களையும் தேர்வு செய்து கண்ட்ரோல், எஸ் அழுத்துங்கள். நட்சத்திரமும் திருத்தங்களும் எக்ஸ்எம்பி கோப்பாகப் படத்தின் பக்கத்திலேயே எழுதப்படும், லைட்ரூம் தன் குறிப்புகளை வைக்கும் கேட்டலாக் கோப்பு கெட்டாலும் தேர்வு தொலையாது.